பால்டின்னும் படச்சுருளும்

சங்க இலக்கியங்களுள் கடைத்தெருவை விரிவாகக் காட்டும் நூல் மதுரைக்காஞ்சி. பகலில் கூடும் நாளங்காடியும் இரவில் கூடும் அல்லங்காடியும் அதன்கண் இடம்பெற்றுள்ளன. அத்தகைய அங்காடிகளில் பொருள் வாங்கியவர், விற்பவர் முகத்தை நேரிற் கண்டார். மீன் எந்தத் துறையில் பிடிக்கப்பட்டது, உப்பு எந்த அளத்தில் விளைந்தது என்பதை ஓரளவேனும் கேட்டறியும் வாய்ப்பு அவருக்கு இருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அங்காடிக்குள் நுழைந்த தகர டின் அந்த வாய்ப்பை மூடிவிட்டது. மேலே ஒட்டப்பட்ட வண்ணத்தாள் சொல்வதைத் தவிர, உள்ளே இருப்பதைப் பற்றி வாங்குவோருக்கு வேறு சான்று இல்லை. மூடிய டின்னைத் திறந்துகாட்டும் பணியைப் பின்னாளில் ஏற்றுக்கொண்டது ஆவணப்படம் எனலாம். ஆனால், அந்த ஆவணப்படமே முதலில் டின்னை விற்பதற்காகத்தான் பிறந்தது என்பது பலர் அறியாத செய்தி.

கதைப்படத்தினின்று வேறுபட்ட இவ்வகைப் படத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு தனிப்பெயரை 1926ஆம் ஆண்டில் எழுதிய ஒரு திரைப்பட மதிப்புரை வழியாக வழங்கச் செய்தவர் ஜான் கிரியர்சன் என்னும் ஸ்காத்லாந்துக்காரர். தமிழில் செய்திப்படம், விவரணப்படம், ஆவணப்படம் எனப் பல பெயர்கள் வழங்கி, இறுதிப் பெயரே பெரிதும் நிலைத்தது. அதே 1926இல் பிரித்தானிய அரசு 'பேரரசு விற்பனை வாரியம்' என்ற அமைப்பை நிறுவிற்று. பிரித்தானிய இல்லத்தரசி கடைக்குச் செல்லும்போது வேற்று நாட்டுப் பொருளை ஒதுக்கிவிட்டுப் பேரரசின் குடியேற்ற நாடுகளில் விளைந்த பொருளையே வாங்கவேண்டும். அவளை அவ்வாறு பழக்குவதே அவ்வாரியத்தின் நோக்கம். சுவரொட்டி, கண்காட்சி, சமையற்குறிப்பு ஆகியவற்றோடு திரைப்படத்தையும் அது கருவியாகக் கொண்டது. 1927இல் அங்குப் பணிக்குச் சேர்ந்த கிரியர்சன் 1929இல் மீன்பிடித் தொழிலைப் பற்றி ஒரு படம் எடுத்துப் புகழ் பெற்றார்.

அவ்வாரியம் 1930இல் வெளியிட்ட மற்றொரு படத்தின் கதை சுவையானது. மன்னரின் கிறிஸ்துமஸ் பலகாரத்துக்கு வேண்டிய பொருள்களைத் திரட்ட ஒரு சிறுவன் பேரரசின் நாடுகளையெல்லாம் கனவிற் சுற்றிவருகிறான். கடைச்சாமான் பட்டியலையே கதையாக்கிய இப்படத்தைப் பொதுமக்கள் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அது படுதோல்வி அடைந்தது. 'இதை வாங்கு' என்று முகத்துக்கு நேரே சொல்லும் படம் எடுபடாது என்ற பாடத்தை வாரியத்தார் விரைவில் கற்றனர்.

அப்பாடத்தைக் கற்றதன் விளைவே 1934ஆம் ஆண்டில் வெளிவந்த 'இலங்கைப் பாட்டு' என்னும் படம். கிரியர்சன் தயாரிக்க, பேசில் ரைட் இயக்கினார். படத்துக்குப் பணம் கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார வாரியம். ஆயினும், 'தேயிலை வாங்குங்கள்' என்ற ஒரு சொல்கூட அதில் முழங்கவில்லை. இலங்கைத் தீவின் மலைகள், பௌத்த வழிபாடு, நடனம் முதலியவை கவிதைபோல் காட்டப்பெற்றன. பதினேழாம் நூற்றாண்டில் இலங்கையிற் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ் எழுதிய நூலின் பகுதிகளை லயனல் வென்ட் என்னும் இலங்கைக் கலைஞர் பின்னணியில் படித்தார். மூன்றாம் பகுதியில் வணிகத்தின் குரல்கள் ஒலிக்கத் தேயிலைத் தோட்டங்கள் திரையில் தோன்றின. அத்தோட்டங்களில் உழைத்தவருட் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து சென்ற தமிழர். 1935இல் பிரசல்ஸ் நகரத் திரைப்பட விழாவில் இப்படம் முதற்பரிசு பெற்றது. உலகத் திரைப்பட வரலாற்றில் இதனைச் சிறந்த படைப்பாக இன்றளவும் போற்றுகின்றனர், அப்போற்றுதல் தகும். எனினும், தமிழ்த் தொழிலாளரின் வாழ்க்கையை ஆராய்வது அதன் நோக்கமன்று. கொழுந்து கிள்ளிய கைகள் அழகிய காட்சியாயின. அக்காட்சி இலண்டனில் ஒரு தேநீர்ப் பொட்டலத்துக்கு மணமூட்டிற்று. படத்தில் தோன்றியவர் ஒருவர். படத்தைப் பார்த்து வாங்கியவர் மற்றொருவர். இந்த இடைவெளியை மனத்திற் கொண்டாலன்றிப் பின்வரும் வரலாறு விளங்காது.

தமிழகத்திலோ படம் வேறு திசையில் நடந்தது. அயல்நாட்டுத் துணியை விலக்கிக் கதராடை உடுத்துமாறு வேண்டிய காங்கிரசுத் தொண்டர், 1920களில் மாயவிளக்குப் படங்களைக் கிராமங்களுக்குத் தூக்கிச் சென்றனர். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒளிப்படக்கலை பயின்ற ஏ. கே. செட்டியார், காந்தியடிகளைப் பற்றிய நெடும்படத்தை 1940ஆம் ஆண்டில் சென்னையில் வெளியிட்டார். கடையில் எதை வாங்குவது, எதை விடுவது என்பது அறத்தின்பாற்பட்ட வினா என்பதைத் தமிழர் அறியாதவரல்லர். கப்பற்பயணச் சீட்டையே விடுதலைப் போராட்டத்தின் கருவியாக்கிய வ. உ. சிதம்பரனார் பிறந்த இனம் இது.

இனி, மலாயாவுக்கு வருவோம். கிள்ளான் ஆற்றின் முகத்துவாரத்தில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் 1901ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. (1972 முதல் அதன் பெயர் போர்ட் கிள்ளான்.) சிலாங்கூர்த் தோட்டங்களின் ரப்பர் அத்துறைமுகத்தின் வழியே மேனாடுகளுக்குச் சென்றது, மேனாட்டுச் சரக்குகள் அதே வழியே வந்து, இருப்புப்பாதை மூலம் கோலாலம்பூரையும் சுற்றுவட்டாரத்தையும் அடைந்தன. அச்சரக்குகளுள் ஒன்று சீனி கலந்து சுண்டக் காய்ச்சிய கெட்டிப்பால். மக்கள் வழக்கில் டின்பால். ஆங்கிலோ-சுவிஸ் கெட்டிப்பால் நிறுவனம் என்ற பெயரில் 1912இல் பினாங்கில் கால்பதித்த நெஸ்லே நிறுவனம், 1939இல் கோலாலம்பூருக்கு இடம்பெயர்ந்தது. அந்நிறுவனத்தின் முதல் மலேசியத் தொழிற்சாலை 1962இல் பெட்டாலிங் ஜெயாவில் எழுந்தது. இச்சரக்கை விற்ற நிறுவனம் இஃது ஒன்றே அன்று. ஆயினும் இவ்வரலாற்றில் மிகுதியாகப் பேசப்பட்ட பெயர் இதுவே.

டின்பால் இந்நாட்டு மக்களின் வாழ்வோடு எத்துணை ஒன்றிவிட்டது என்பதற்குப் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடைகளே சான்று. 'தே தாரே' என்னும் இழுத்து ஆற்றிய தேநீர் அதனாலன்றிச் சுவைக்காது. காலியான பால்டின்னில் கயிறு கோத்துக் காப்பியை ஊற்றி வீட்டுக்குத் தூக்கிச் செல்வது நெகிழிப்பை வருவதற்கு முந்திய வழக்கம். அரிசி அளப்பதற்கும் அதே டின். இன்று தேநீர்க் கடைகளில் திறக்கப்படும் டின்கள் பலவற்றில் 'கிரீமர்' என்றே பெயர் அச்சிடப்பட்டிருக்கிறது. பாற்கொழுப்புக்குப் பதிலாகச் செம்பனை எண்ணெய் அதில் சேர்கிறது. டின்னின் வடிவம் மாறவில்லை, உள்ளிருப்பது மாறிவிட்டது. இதனைக் கடைக்காரர் பலரே கவனிப்பதில்லை.

வளர்ந்தவரின் தேநீரில் இரண்டு கரண்டி கெட்டிப்பால் சேர்வது வேறு. பச்சிளங் குழந்தையின் உணவே அதுவாவது வேறு. தோட்டங்களில் நேர்ந்தது இரண்டாவது. பால்வெட்டுத் தொழிலாளியாகிய தாய் விடியுமுன் பிரட்டுக்குச் செல்லவேண்டும். பின்னர் மரத்துக்கு மரம் ஓடவேண்டும். கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். ரப்பர்ப்பால் சேகரிக்கச் சென்ற தாயின் மார்பில் பால் கட்டி நிற்க, குழந்தைக்கு வாய்த்தது போத்தல் பால். டின்பால் எளிதில் கெடாது, குளிர்ப்பெட்டி தேவையில்லை, தோட்டக் கடையில் பற்றெழுதி வாங்கலாம், ஒரு கரண்டி எடுத்து நீரிற் கலக்கினால் போதும். விளம்பரத்தில் கண்ட கொழுகொழுக் குழந்தையின் படமும் துணைபுரிந்தது. அத்தாய்மாரை அறியாமையுடையோர் என்று பழிப்பது எளிது. ஆனால் அது நேர்மையன்று. வேலை நேரமும் வறுமையும் விளம்பரமும் ஒன்றுகூடி அவர்கள் கையில் அந்த டின்னைத் திணித்தன.

டின்பாலின் எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு சீனி. கொழுப்பு நீக்கிய பாலிலிருந்து செய்யப்பட்ட வகையில் 'ஏ' உயிர்ச்சத்தும் இல்லாமற் போகும். அதனையே உண்டு வளர்ந்த குழந்தையின் கண்ணொளி மங்கும். வயிற்றுப்போக்கில் உடல் நலியும். சிக்கனம் கருதி நீரை மிகுதியாகச் சேர்த்தாலோ, அந்நீர் தூய்மையற்றதாயினோ, கேடு இருமடங்காகும்.

இதனைக் கண்ணாரக் கண்டு வெகுண்டவர் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ். ஜமைக்காவில் 1893ஆம் ஆண்டில் பிறந்த இப்பெண்மணி, ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரை நாட்டில் பணியாற்றியபோது, புரதக் குறைவால் வரும் குழந்தை நோயொன்றை ஆராய்ந்து, அந்நாட்டு மக்கள் வழங்கிய பெயராலேயே அதனை மருத்துவ உலகுக்கு அறிவித்தவர். 1936இல் மலாயாவுக்கு மாற்றப்பட்டார். இங்கு விற்பனைக்காரப் பெண்கள் தாதியர்போல் வெள்ளுடை அணிந்து, அப்போதுதான் மகப்பேறடைந்த தாய்மாரிடம் டின்பாலைப் புகழ்ந்து பேசியதைக் கண்டார். 1939ஆம் ஆண்டில் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் 'பாலும் கொலையும்' என்ற தலைப்பில் உரையாற்றினார். குழந்தை உணவு பற்றிய தவறான பிரசாரத்தைக் கொலைக்குற்றமாகவே கருதித் தண்டிக்க வேண்டும் என்பது அவ்வுரையின் சாரம்.

உரை கடுமையானது, சான்றும் வலிமையானது. ஆயினும் கடைத்தெருவில் ஒன்றும் அசையவில்லை. போர் மூண்டது ஒரு காரணம். 1941இன் இறுதியில் ஜப்பானியர் படையெடுத்தபோது அவர் திரெங்கானுவில் இருந்தார். பின்னர்ச் சிங்கப்பூரில் பிடிபட்டுச் சாங்கிச் சிறையில் வாடினார். ஆனால் போர் மட்டுமே காரணமன்று. உரையைக் கேட்டவர்கள் செல்வரும் வணிகரும். அவர்கள் வீட்டுக் குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கவில்லை. சொல் அவர்கள் செவியை எட்டிற்று. குழந்தையோ அவர்கள் கண்முன் தோன்றவில்லை. போருக்குப் பின்னர் 1948இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு அவர் முதல் தலைவரானார் என்பது அவரது மேன்மைக்குச் சான்று. சிங்கப்பூர் உரையோ நாற்பதாண்டுகள் ஏறக்குறைய உறங்கிக் கிடந்தது.

இதற்கிடையில் மலாயாவும் சொந்தமாக ஆவணப்படம் எடுக்கத் தொடங்கிவிட்டது. 1946ஆம் ஆண்டில் கோலாலம்பூரில் மலாயாத் திரைப்படப் பிரிவு நிறுவப்பட்டது. 1963இல் 'பிலெம் நெகாரா மலேசியா' என அது பெயர் மாறிற்று. மலாய், சீனம், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழிலும் விளக்கவுரை சேர்த்துப் படங்கள் வெளிவந்தன. நடமாடும் படக்காட்சி வண்டி தோட்டத்துக்கு வந்து திடலில் வெள்ளைத்திரை கட்டினால், லயன் வீடுகளில் ஒருவரும் இரார். மின்விளக்கே காணாத இடங்களில் மின்னாக்கி இரைய, ஒளிக்கற்றையில் பூச்சிகள் மொய்க்க, பெரியவரும் சிறியவரும் புல்தரையில் அமர்ந்து பார்த்தனர். தம்மொழி திரையிலிருந்து ஒலித்தது தோட்டத் தமிழருக்குப் பெருமிதம் அளித்தது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் கூடாது. ஆனால், அவை அரசின் படங்கள்; அவசரகாலத்தில் அரசு சொல்ல விரும்பியதைச் சொன்ன படங்கள். தூய்மையைப் பேணுக, நோய் தடுக்க, ஒற்றுமையாய் வாழ்க என்று அவை நன்னெறி புகட்டின. கடையில் அடுக்கியிருக்கும் டின்னின் பெயரைச் சுட்டி 'இது குழந்தைக்கு ஆகாது' என்று சொல்லும் படத்தை அரசிடமிருந்து அக்காலத்தில் எதிர்பார்ப்பதற்கில்லை. விற்பவன் படம் எடுத்தான். ஆள்பவன் படம் எடுத்தான். வாங்குபவன் பக்கம் நின்று எடுத்த படம் இன்னும் வரவில்லை.

அது வந்தது 1970களில். 1974ஆம் ஆண்டில் பிரித்தானியாவின் 'வறுமைமீது போர்' என்னும் அமைப்பு, 'குழந்தைக் கொல்லி' என்ற தலைப்பில் மைக் முல்லர் எழுதிய சிறுநூலை வெளியிட்டது. வறிய நாடுகளில் பால்மாவு நிறுவனங்கள் விற்பனை செய்யும் முறையை அது விவரித்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்துக் குழுவினர் அதனை செர்மானிய மொழியில் பெயர்த்தபோது, தலைப்பிலேயே நெஸ்லேயின் பெயரைச் சேர்த்து, அந்நிறுவனம் குழந்தைகளைக் கொல்கிறது என்று அச்சிட்டனர். நிறுவனம் அவதூறு வழக்குத் தொடுத்தது. 1976ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. தலைப்பு அவதூறே எனக் கண்ட நீதிபதி, குழுவினருக்குத் தலைக்கு 300 பிராங்கு அபராதம் விதித்தார். அதே வேளையில் நிறுவனம் தன் விளம்பர முறைகளை மறு ஆய்வு செய்தாக வேண்டும் என்றும் இடித்துரைத்தார். வழக்கில் வென்ற நிறுவனமே உலகின் முன் கூண்டில் நின்றது.

அவ்வழக்கு நடந்துகொண்டிருந்த 1975ஆம் ஆண்டில், மேற்கு செர்மனியைச் சேர்ந்த பீட்டர் கிரீக் என்னும் இயக்குநர் கென்யாவில் ஒரு படம் எடுத்தார். 'புட்டிக் குழந்தைகள்' என்பது அதன் பெயர். அரைமணி நேரத்துக்கும் குறைவான படம். தூய நீருக்கு வழியற்ற குடியிருப்பு, அளவுக் குறிப்பைப் படிக்க இயலாத தாய், புட்டிப்பாலால் நலிந்து மருத்துவமனையிற் கிடக்கும் குழந்தை, இறுதியில் ஒரு சிறு கல்லறை. அக்கல்லறையின்மேல் டின்னும் புட்டியும். நிறுவனத் தரப்பு இப்படத்தை ஒருதலைச் சார்பானது என்று கடிந்தது. ஒருதலைச் சார்பு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. வழக்குரைஞர் வாதமும் ஒருதலைச் சார்பானதே. ஆனால் டின்னிலிருந்து அடுக்களைக்கும், அடுக்களையிலிருந்து நீருக்கும், நீரிலிருந்து கல்லறைக்கும் செல்லும் வழியை வேறெந்த அறிக்கையும் அவ்வாறு காட்டியதில்லை. சிசிலி வில்லியம்ஸ் 1939இல் சொன்னதையே கிரீக் 1975இல் காட்டினார். சொன்னதற்கும் காட்டியதற்கும் இடையே 36 ஆண்டுகள்.

அப்படத்தின் பயணமே இக்கட்டுரையின் உயிர்நாடி. அமெரிக்காவில் தேவாலயக் குழுக்களும் பல்கலைக்கழக மாணவரும் அதனைத் திரையிட்டனர். திரையரங்கில் அன்று, தேவாலயக் கூடத்திலும் வகுப்பறையிலும். படம் முடிந்ததும் விளக்கைப் போட்டு, 'இனி என்ன செய்வது?' என்று ஒருவர் எழுந்து கேட்பார். அவ்வினாவுக்கு விடையும் ஆயத்தமாக இருந்தது. 1977ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள், மினியாபொலிஸ் நகரில் நெஸ்லே பொருள் புறக்கணிப்பு தொடங்கப்பட்டது. காப்பித்தூள், தேயிலைத்தூள், சாக்லேட் ஆகியவற்றைக் கடைத் தட்டிலேயே விட்டுவிடுக என்பதே வேண்டுகோள். ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. அந்நிறுவனம் அக்காலத்தில் அமெரிக்காவில் குழந்தைப் பால்மாவு விற்கவில்லை! ஆகவே, அமெரிக்கத் தாய் தன் குழந்தைக்காகத் தன் பழக்கத்தை மாற்றிக்கொள்ளவில்லை. தான் ஒருநாளும் காணப்போகாத ஒரு கென்யத் தாயின் குழந்தைக்காகத் தன் காப்பியை மாற்றிக்கொண்டாள். 'இலங்கைப் பாட்டு' தொலைவிலுள்ள தொழிலாளியைக் காட்டிப் பொருளை வாங்கச் செய்தது. 'புட்டிக் குழந்தைகள்' தொலைவிலுள்ள தாயைக் காட்டிப் பொருளை வாங்காதிருக்கச் செய்தது. கருவி ஒன்றே, அதைப் பிடித்த கை வேறு.

1978ஆம் ஆண்டு மே மாதம் எட்வர்டு கென்னடி தலைமையில் அமெரிக்க மேலவைக் குழு விசாரணை நடத்திற்று. அதே ஆண்டு ஜூலையில் ஒரு பெரும் தொலைக்காட்சி நிறுவனம் டொமினிக்கன் குடியரசில் எடுத்த ஆவணப்படத்தை ஒளிபரப்ப, செய்தி இல்லந்தோறும் சென்றது. 1981ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகச் சுகாதார மாமன்றம் தாய்ப்பாலுக்கு மாற்றான உணவுகளின் விற்பனை பற்றிய அனைத்துலக நெறிமுறையை நிறைவேற்றிற்று. ஆதரவு 118 வாக்கு, எதிர்ப்பு ஒன்று, அவ்வொன்று அமெரிக்க அரசினது. நெறிமுறைக்கு இணங்குவதாக நிறுவனம் உறுதியளித்த பின்னர், 1984இல் புறக்கணிப்பு நிறுத்தப்பட்டது. உறுதி காக்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டுடன் 1988இல் மீண்டும் தொடங்கிற்று.

இப்போராட்டத்தில் மலேசியா வெறும் பார்வையாளராக நிற்கவில்லை. கடைக்காரர் சொன்னதே விலை, கொடுத்ததே சரக்கு என்றிருந்த காலத்தில், 1965ஆம் ஆண்டிலேயே சிலாங்கூரில் பயனீட்டாளர் சங்கம் தோன்றிவிட்டது. நாட்டின் முதற் சங்கம் அதுவே. அதனையடுத்துப் பினாங்கில் எழுந்த பயனீட்டாளர் சங்கத்துக்குத் தமிழகத்தில் பிறந்த எஸ். எம். முகம்மது இத்ரீஸ் தலைமை ஏற்று, 2019இல் மறையும்வரை அயராது உழைத்தார். அச்சங்கம் தமிழிலும் இதழ் வெளியிட்டது. அனைத்துலகப் பயனீட்டாளர் சங்கங்களின் ஒன்றியம் தன் ஆசிய பசிபிக் அலுவலகத்தைப் பினாங்கில் அமைத்தது. 1978 முதல் 1984 வரை அவ்வொன்றியத்தின் தலைவராக இருந்தவர் மலேசியராகிய அன்வார் பசால். குழந்தை உணவுக்கான அனைத்துலகச் செயற்குழு வலை 1979 அக்டோபரில் ஜெனீவாவில் உருவானபோது அவர் முன்னின்றார். அதே 1979இல் கோலாலம்பூரில் சுகாதார அமைச்சு குழந்தைப் பால்மாவு விற்பனைக்கான நன்னெறிக் கோட்பாட்டை வகுத்தது. உலக நெறிமுறைக்கு ஈராண்டு முற்பட்டது அது என்பது இந்நாட்டார் பெருமைகொள்ளத்தக்க செய்தி. ஆனால் அது கோட்பாடேயன்றிச் சட்டமன்று. இந்தியா இதற்கென 1992இல் தனிச்சட்டமே இயற்றியதை ஒப்பிட்டு நோக்குக. சிங்கப்பூரில் உறங்கிய உரையும் விழித்தெழுந்தது. 'பாலும் கொலையும்' 1986ஆம் ஆண்டில் பினாங்கில் சிறுநூலாக அச்சேறியது. அப்போது அதனை ஆற்றியவர் தொண்ணூற்று மூன்றாம் வயதை எட்டிக்கொண்டிருந்தார், 1992இல் மறைந்தார்.

எனினும், கிள்ளான் வட்டாரத் தாய்மாரின் பழக்கத்தை ஒரு படம் மாற்றிற்று என்று எழுதினால் அது வரலாறாகாது. மகப்பேற்று நிலையத் தாதி, மருத்துவமனையின் விதி, வேலைக்கு விடுப்பு, வானொலிப் பேச்சு, தமிழ்ச் செய்தித்தாளின் மகளிர் பக்கம் ஆகியவை மெல்ல மெல்ல வேலை செய்தன. தேசியச் சுகாதார ஆய்வின்படி, ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளுள் தாய்ப்பால் மட்டுமே அருந்தியோர் 2006இல் 14.5 விழுக்காடு, 2016இல் 47.1 விழுக்காடு. 1975இல் எடுத்த படத்துக்கும் 2016இல் வந்த எண்ணுக்கும் இடையே எத்தனையோ பேரின் உழைப்பு கிடக்கிறது. வாங்காதே என்று சொன்னால் மட்டும் போதாது. வாங்காமல் வாழ வழியும் செய்துதர வேண்டும். தாய்க்கு விடுப்பில்லாத தோட்டத்தில் தாய்ப்பாலின் சிறப்பைப் படமாகக் காட்டுவது, பசித்தவனுக்குச் சமையற்குறிப்பு வாசிப்பதைப் போன்றதாகும்.

ஆவணப்படம் எனினும் அதனையும் ஆராய்ந்தே நம்பவேண்டும் என்பதற்கு ஒரு பிற்கால எடுத்துக்காட்டு உண்டு. 2004ஆம் ஆண்டில் மோர்கன் ஸ்பர்லாக் என்னும் அமெரிக்கர், முப்பது நாள் மெக்டோனல்ட்ஸ் உணவை மட்டுமே உண்டு, தம் உடல் கெட்டதைப் படமாக்கினார். படம் பேசப்பட்ட அதே ஆண்டில் அந்நிறுவனம் தன் மிகப்பெரிய அளவுப் பொட்டலத்தைக் கைவிட்டது. படத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை என்றும் கூறிற்று. பின்னர் 2017இல் ஸ்பர்லாக், தாம் நெடுங்காலமாகக் குடிப்பழக்கம் உடையவர் என்று தாமே வெளியிட்டார். அப்படியாயின் படத்தில் கண்ட ஈரற்கேட்டுக்கு உணவு மட்டுந்தானா காரணம் என்ற ஐயம் எழுந்தது. பள்ளிகளில் அப்படத்தைக் காட்டிய ஆசிரியர் இவ்விரண்டாம் பகுதியையும் மாணவருக்குச் சொல்லியிருக்க வேண்டும். படத்தை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்கும் மாணவனே உண்மையில் படத்தைப் பார்த்தவன்.

கிள்ளான் துறைமுகம் மீண்டும் ஒருமுறை இவ்வரலாற்றில் வருகிறது. இம்முறை வேறு சரக்கோடு. 2018ஆம் ஆண்டில் சீனா அயல்நாட்டு நெகிழிக் கழிவை ஏற்க மறுத்ததும், அக்கழிவு மலேசியாவை நோக்கித் திரும்பிற்று. துறைமுகத்துக்குத் தெற்கே கோல லங்காட்டிலுள்ள ஜெஞ்சாரோம் ஊரில் நெகிழி மலைபோற் குவிந்தது. இரவில் எரித்த புகையால் ஊரார் மூச்சுத் திணறினர். 2019 ஜூன் மாதம் பிபிசி ஒளிபரப்பிய நெகிழி எதிர்ப்புத் தொடரில், மலேசியாவிற் கிடந்த அக்குப்பைக் குவியல் பிரித்தானிய மக்களுக்குக் காட்டப்பட்டது. தாம் மறுசுழற்சிக்கென்று பிரித்துவைத்த பொட்டலம் ஆசியாவில் ஓர் ஊரின் புறத்தே கிடப்பதை அவர்கள் தம் வரவேற்பறையில் அமர்ந்து கண்டனர். எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தை அவர்களுடைய பாட்டன் பாட்டியர் கண்டதும் இவ்வாறே. அன்று பொருள் புறப்பட்ட இடத்தைக் காட்டினார்கள். இன்று பொருள் போய்ச்சேர்ந்த இடத்தைக் காட்டுகிறார்கள்.

சிலாங்கூர் மாநிலத்தில் 2017ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து கடையில் நெகிழிப்பை இலவசமில்லை. வேண்டுவோர் 20 காசு கொடுக்கவேண்டும் என்ற விதி வந்தது. மூத்த தலைமுறையினர் இதற்காகப் பெரிதும் கலங்கவில்லை. துணிப்பையோடும் ரோத்தான் கூடையோடும் சந்தைக்குச் சென்ற பழக்கம் அவர்களுக்கு மறந்துவிடவில்லை. இளையோர்தாம் முணுமுணுத்தனர். 2019 மே 28ஆம் நாள் மலேசிய அரசு, கிள்ளான் துறைமுகத்தில் கண்டுபிடிக்கப்பட்ட 60 கொள்கலன்களில் இருந்த 3,000 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தது. டின்பால் வந்திறங்கிய அதே துறையிலிருந்து, வாங்கி முடித்தவர்களின் வாசலை நோக்கி அக்கொள்கலன்கள் கப்பலேறின.